ரோஜா மணக்கும் தொட்டி

அலாரம் அலறியது. ரேணுகாதேவி ஓடி வருவதற்குள் தொட்டியின் மூடியை மீறி நுரை பொங்கித் தரையெல்லாம் வழிந்துவிட்டது. சர்க்கரைக் கரைசலைத் தின்று, சோப்புக்கான ரோஜா மணத் தைலத்தைச் சுரக்கும்படி அவளே மரபணுவைத் திருத்தி வளர்த்த பாக்டீரியாக்கள் அதற்குள் இருந்தன. வேறு கிருமி புகுந்தால் ரோஜா போய் நாற்றம் எழும். அதனால் எதையும் தொட்டியில் ஊற்றுமுன் அவள் முகர்ந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும். அந்தக் கூடத்தில் அவள் மூக்குதான் சட்டம்.

போன மாதம் அவளுடைய உதவியாளன் அருள்தாஸ், தொட்டியில் ஊற்றவிருந்த கரைசல் குடுவையை நீட்டி, "வாசம் என்னவோ மாதிரி இருக்கு மேடம்" என்றான். காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து தனக்கு எந்த வாசமும் தெரிவதில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. "ரோஜாதானே, ஊத்துங்க" என்றாள். தொட்டி முழுதும் கெட்டது. விசாரணையில், "நான் பார்த்தப்போ நல்லாத்தான் இருந்தது" என்றாள். பழி அவன் கைச்சுத்தத்தின் மேல் விழுந்தது, வேலையும் போயிற்று. அதன் பிறகு எத்தனையோ முறை அவன் எண்ணைக் கைபேசியில் எடுத்து, அழைக்காமலே வைத்துவிட்டாள்.

இன்று தன் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்த அவனும் அலாரம் கேட்டு மற்றவர்களோடு ஓடி வந்தான். அவள் குனிந்து, நுரையை விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள்.

"பயப்படாதீங்க, ரோஜா வாசம்தான் வருது."

நிமிர்ந்தபோது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அருள்தாஸ் மட்டும் கைக்குட்டையை மெல்ல இறக்கினான்.

"அன்னைக்கும் இப்படித்தானா, மேடம்?"