நாணயமானவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்

இணைய ஏலத்தில் பொருளை எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் டிமிக்கி கொடுப்பவர்களுக்குப் புதுச் சட்டம் வந்திருந்தது. கட்டும்வரை அந்தப் பொருள் செய்யும் வேலையை, விற்றவர் வீட்டுக்கு வந்து அவர்களே செய்ய வேண்டும்.

ஈரோட்டில் தமயந்தி ஏலம் விட்ட பழைய வாஷிங் மெஷினை ஜெயசீலன் என்ற புண்ணியவான் எடுத்தார். "சம்பளம் வந்ததும் கட்டிடறனுங்க அக்கா" என்றார். சம்பளம் வரவில்லை. போலீஸ் ஜீப்பில் அவர்தான் வந்தார்.

மனிதர் துவைத்தார் பாருங்கள்! மெஷின் எட்டு வருஷமாகக் கண்டுகொள்ளாத காலர் அழுக்கைப் பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்தார். தூறல் விழுந்தால் துணி எடுக்க மாடிக்கு ஓடினார். ஒரு மாதத்தில் எப்படியோ பணத்தைப் புரட்டிக் கட்டி, மெஷினோடு அவர் கிளம்பியபோது தமயந்திக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் புத்தி வந்துவிட்டது. மறுநாளே கிரைண்டரை ஏலம் விட்டாள். ஒழுங்காகப் பணம் கட்டுபவர்களையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, பதினோரு முறை ஏமாற்றிச் சிவப்புக் குறி வாங்கியிருந்த முருகவேளைத் தேர்ந்தெடுத்தாள். கெடு முடியும் நாளில் இரண்டு படி அரிசியை ஊறவைத்துவிட்டு ஜீப்புக்குக் காத்திருந்தாள்.

வந்தது வேன். முழுப் பணமும் கட்டிய ரசீதோடு முருகவேள் ஒரு சீட்டும் கொடுத்தனுப்பியிருந்தார்: "அக்கா, பதினோரு வீட்டுல மாடா உழைச்சு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. இனிமே யாரையும் ஏமாத்த மாட்டேன், சத்தியமா."

ஆட்கள் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தமயந்தி ஊறிய அரிசியைப் பார்த்தாள்.

"நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டானே, பாவி!"