நம்ம ஆள் பார்த்துக்கிட்டிருக்கார்

“அந்த ஆள் பேரை மட்டும் சொல்லு. கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டுத்தான் எனக்கு மறுவேலை!”

ஆலோசகர் போனில் கத்திய கத்தலில், பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்துவிட்டாள்.

“எனக்கே பேர் தெரியாதுண்ணே” என்றது மறுமுனை. “நான் ஒருத்தர்கிட்ட கொடுத்தேன். அவர் இன்னொருத்தர்கிட்ட கொடுத்துட்டார். அவர் யாரோ ஒரு பெரிய அனுபவசாலியைப் பிடிச்சிருக்காராம்.”

“அனுபவசாலியா? ரெண்டு மணி நேர வேலைடா இது! பத்து நாளா என்ன பண்றான்?”

“அவருக்கு இப்போ கிளையன்ட் நிறைய சேர்ந்துட்டாங்களாம். பிடி கொடுத்தே பேச மாட்டேங்கிறாராம்.”

“நாலு பேர் தேடி வந்ததும் தலைகால் புரியலையாக்கும்! இவனையெல்லாம் தொழில்ல வச்சிருக்கிறதே தப்பு!”

போனை மேஜை மேல் வைத்துவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆறு மாதம் முன்பு வரை அவர் தனி ஆள். குடோனில் எந்த அலமாரி எங்கே நிற்கணும், தள்ளுவண்டி எந்த வழியாய்ப் போகணும் என்று படம் போட்டுக் கொடுக்கும் காண்ட்ராக்டர். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்பே படம் போய்ச் சேர்ந்துவிடும். அந்தப் பெயரை வைத்தே பிஸ்கட் கம்பெனி, மருந்து மொத்த வியாபாரி, டைல்ஸ் கடை என்று மூன்று கிளையன்ட் சேர்ந்துவிட்டார்கள். கட்டிலை ஓரங்கட்டிவிட்டுப் படுக்கையறையில் பெரிய மேஜை போட்டாயிற்று. கதவில் ‘ஆலோசகர்கள்’ என்று பலகையும் ஏறிவிட்டது.

“ஆலோசகர்கள்னு போட்டிருக்கு. ஒருத்தர் நீங்க. மீதிப் பேர் எங்கே?” என்று மனைவி அன்றைக்கே கேட்டாள்.

“வளரணும்னா நாம வேலை செய்யக் கூடாதும்மா. பிரிச்சு வெளியே கொடுக்கணும். ஆனா யாருக்காகன்னு மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. கிளையன்ட் பேர் தெரிஞ்சா நம்மளைத் தாண்டி நேராப் போய் நிப்பான்.”

பிஸ்கட் கம்பெனியின் புதுக் குடோன் வேலை அப்படித்தான் வெளியே போனது. வாங்கிக்கொண்டவன் பழைய ஆபீஸ் தோழன் ‘சோடாபுட்டி’. போனில் இப்போது வாங்கிக் கட்டிக்கொண்டவனும் அவன்தான். அளவுகள் போட்ட தாளில், மூலையிலிருந்த கம்பெனிப் பெயரை, மனைவியிடம் மார்க்கர் வாங்கிக் கறுப்பாய் அடித்தார் ஆலோசகர். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சந்தேகத்துக்கு இன்னொரு பட்டையும் அடித்தார். அது கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது. அதை ஸ்கேன் எடுத்து அனுப்பியதோடு சரி.

இன்று காலை பிஸ்கட் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். குரலில் ஒரு துளி இனிப்பு இல்லை.

“சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள படம் வரணும் சார். இல்லேன்னா இதோட மத்த நாலு குடோனுக்கும் வேற ஆளைப் பார்த்துக்கிறோம்.”

“நம்ம ஆள் பார்த்துக்கிட்டிருக்கார் சார்” என்று சொல்லி வைத்திருந்தார். நாலு குடோன் போனால் பலகையைக் கழற்றிவிட்டுக் கட்டிலைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட வேண்டியதுதான்.

“நீங்களே உட்கார்ந்து போட்டுடுங்களேன்” என்றாள் மனைவி.

“நானே போட்டா அப்புறம் நான் பழைய காண்ட்ராக்டர்தானே? வேலையை வாங்கத் தெரியணும். அதான் திறமை.”

“அதான் பார்த்தேனே, போன்ல எவ்வளவு வாங்கினீங்கன்னு.”

அவர் பதில் சொல்வதற்குள் அவள் கையிலிருந்த போன் அடித்தது. பேசிவிட்டு வைத்தாள்.

“தம்பி. இன்னைக்கு மட்டும் ஏழாவது தடவை. நீங்க எடுக்கலைன்னு எனக்குப் பண்றான். ஏதோ படம் வேணும்னு கேட்டிருந்தானாமே?”

“உன் தம்பி என்னைக்கு உருப்படியான வேலை கொண்டு வந்திருக்கான்? போன தடவை கோழிப் பண்ணைக்குப் படம் போடச் சொன்னவன்தானே! அவன் அனுப்பினதை நான் திறந்துகூடப் பார்க்கலை.”

“அவன் கேட்டப்போ ‘கொடுத்துட்டுப் போ மாப்ள, நம்ம ஆளுங்க பார்த்துப்பாங்க’ன்னு பெரிசா சொன்னீங்கள்ல? பாவம், யாருக்கோ வாக்குக் கொடுத்துட்டு அழாத குறையா நிக்கிறான். உங்க வேலைதான் போகப் போகுது, அவன் வேலையாவது நடக்கட்டும்.”

நியாயம்தான் என்று பட்டது. நம் நிலைமைதானே மச்சினனுக்கும் என்று மனசு கொஞ்சம் இளகியது.

“சரி, உன் முகத்துக்காக” என்று கணினி முன் உட்கார்ந்து, மச்சினன் அனுப்பியதைத் திறந்தார்.

பெரிய குடோன். பதினாலு தூண். மூலையில் ஒரு கறுப்புப் பட்டை. அதன் மேல் இன்னொரு பட்டை, கொஞ்சம் கோணலாக.

அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மனைவி, நேராகப் போய் வாசற்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வந்தாள்.

“மணி மூணுதான் ஆகுது, முதல்ல படத்தைப் போட்டு முடிங்க” என்றாள். “கழுத்தை அஞ்சு மணிக்கு மேல நானே பிடிச்சுத் தள்ளிக்கிறேன்.”