ஏழு மணிக்கு இறங்கும்

ஏழு மணி அடிக்க, ரதி தும்புத்தடியைக் கையில் எடுத்தாள்.

மத்தியானம் மகள் அகீலாவை லண்டனுக்கு ஏற்றிவிட்டு கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பியதிலிருந்து வீடு கூட்டப்படாமல் கிடந்தது. பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீடு கூட்டக்கூடாது. கூட்டினால் போனவரையும் சேர்த்துக் கூட்டித் தள்ளின மாதிரி. பெட்டி கட்டின கயிற்றுத் துண்டு, பகோடாத் தூள், காலையில் பிள்ளை சீவிப் போட்ட தலைமயிர், எல்லாம் அப்படியே கிடந்தன.

"பிளேன் ஓடுறது எண்ணெயிலை, உம்மட தும்புத்தடியிலை இல்லை" என்று கணவர் யோகராஜ் பின்னேரம் முழுக்கப் பகிடி விட்டார்.

விடட்டும். இருப்பது ஒரே பிள்ளை, அதுவும் முதல் பிளேன் பயணம். ஏழு மணிக்கு இறங்கும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஆனாலும் செய்தி வராமல் எப்படிக் கூட்டுவது? தும்புத்தடியோடு ஹோலில் நின்றாள்.

வீட்டுப் போன் அடித்தது.

"அம்மா, சேர்ந்திட்டன். இனிக் கூட்டுங்கோ."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். இரைச்சல் இல்லை, அக்கம்பக்கத்தில் ஆள் சத்தம் இல்லை. பக்கத்து அறைக்குள்ளிருந்து கூப்பிட்ட மாதிரிக் குரல் அவ்வளவு கிட்ட இருந்தது. ரதிக்கு வயிற்றில் பால் வார்த்தது.

அறை, குசினி, ஹோல் என்று ஆசை தீரக் கூட்டினாள். விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே கொட்டக்கூடாது என்பதால் வாசற்கதவடியில் குவித்து வைத்தாள்.

கீழே பேக்கரியில் பாண் வாங்கப் போயிருந்த யோகராஜ் வந்து குவியலைப் பார்த்தார். சிரிப்புத் தாங்கவில்லை அவருக்கு.

"அவள் சொன்னது லண்டன் ஏழு மணியப்பா. பதினொரு மணித்தியாலப் பறப்பு. இப்பதான் பாதி வழி தாண்டியிருப்பாள்."

"இல்லையே, போன் எடுத்தவள். சேர்ந்திட்டனாம், இனிக் கூட்டட்டாம்."

யோகராஜ் தன் போனில் பிளேனைத் தேடினார். ஏதோ மலைகளுக்கு மேல் சின்ன மஞ்சள் பிளேன் ஊர்ந்துகொண்டிருந்தது. லண்டனுக்கு இன்னும் நாலாயிரம் கிலோமீட்டருக்குக் கிட்ட இருந்தது. அகீலாவுக்கு அடித்தார். போன் நிற்பாட்டியிருந்தது.

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வீடு கூட்டேல்லை எண்டு அவளுக்குச் சொன்னனீரோ?"

ரதி இல்லையென்று தலையை ஆட்டினாள். பிள்ளை சிரிக்கும் என்று இதைப்பற்றி மூச்சே விட்டதில்லை. அப்படியென்றால் கூட்டச் சொன்னது யார்?

யோகராஜ் பாணை மேசையில் வைத்தார். குவியலுக்கு முன்னால் முழங்காலிட்டு, தூசியும் தலைமயிருமாக ஒரு கை அள்ளினார். பகிடி விட்ட மனிசனின் முகத்தில் ஒரு சொட்டு இரத்தமில்லை.

"முதல்ல எங்கையிருந்து கூட்டினனீர்?" என்றார். "கெதியாக் காட்டும்."