முதல் நோட்டீஸ்

“என்ஜினே இல்லாத வண்டிக்கு எதுக்கும்மா இன்சூரன்ஸ்?”

டிரக்கில் கட்டி இழுக்கும் தன் டிரெய்லர் வீட்டின் படியில் இடுப்பில் கைவைத்து நின்றபடி கேட்டார் மார்லிஸ். எழுபதைத் தாண்டியவர். குரல் அக்கம்பக்கம் முழுக்கக் கேட்டது.

கென்ட்ரா பொறுமையை இழுத்துப் பிடித்தாள். அரிசோனாவில், இப்படிப்பட்ட வீடுகளை வாடகைக்கு நிறுத்தும் இந்த டிரெய்லர் பார்க்கைப் புதிதாக வாங்கிய கம்பெனி, அன்று காலைதான் அவளை இங்கே அனுப்பியிருந்தது. பக்கத்தில், கையில் நோட்டீஸ் கட்டோடு பார்க் மேனேஜர் வெர்லின். “இங்கேருந்தே ஆரம்பிப்போம்” என்று நேராக இந்த வாசலுக்கு அழைத்து வந்தவர் அவர்தான்.

“ரோட்ல போறப்போ இழுக்கற டிரக்கோட இன்சூரன்ஸே போதும். சட்டம் வேற எதுவும் கேக்கல. விசாரிச்சுப் பாரு” என்றார் மார்லிஸ்.

“சட்டம் கேக்கல, மேடம். பார்க் கேக்குது. நிறுத்தி வெச்சிருக்கறப்போ உங்க கேஸ் சிலிண்டர் வெடிச்சு, பக்கத்து வண்டி எரிஞ்சா யார் பொறுப்பு?”

“அதுக்குத்தான் பாலிசி எடுத்திருக்கேனே!”

“அது லீவுக்கு வந்து தங்கிட்டுப் போறவங்களுக்கு. நீங்க வருஷம் பூரா இதுலயே குடியிருக்கீங்க. அதுக்குத் தனி பாலிசி வேணும்.”

“கேட்டுட்டேன். இவ்வளவு பழைய டிரெய்லருக்குத் தர மாட்டாங்களாம். உங்க கம்பெனிக்கும் அது தெரியும். எங்க பழசையெல்லாம் துரத்திட்டுப் பளபளன்னு புது வண்டிங்களா நிறுத்தணும், அவ்வளவுதானே? அதை நேரா சொல்லேன். ஏன் இன்சூரன்ஸுக்குப் பின்னால ஒளியறே?”

கென்ட்ராவின் முகம் சிவந்தது. கம்பெனியில் அவளிடம் சொல்லி அனுப்பியதும் ஏறக்குறைய அதுதான்.

“படிங்க, வெர்லின்.”

ஒரு வாரத்துக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதை வெர்லின் தடுமாறாமல் படித்து முடித்தார்.

“நல்லா வாசிக்கறேய்யா! நாக்கு கூசலையா உனக்கு?”

“இங்க பாரும்மா, நான் மேனேஜர். என் வேலையை நான் செய்யணும்.” நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டுக் கென்ட்ரா பக்கம் திரும்பினார். “ஒரு வாரம் எதுக்கு மேடம்? என்கிட்ட டிரக் இருக்கு. இப்பவே இழுத்து வெளியே விட்டுடறேன்.”

கென்ட்ராவுக்கே தூக்கிவாரிப் போட்டது. “இப்பவேவா?”

“இழுக்கட்டுமே!” மார்லிஸின் தலை நிமிர்ந்தது. “எதிர்த்தாப்ல அரசாங்கத்தோட பாலைவனம் சும்மாத்தானே கிடக்கு? அங்க போய் நிறுத்திக்கறேன். உங்க கம்பெனி கால்ல மட்டும் விழ மாட்டேன்.”

வெர்லின் டிரக்கைப் பின்னோக்கி ஓட்டிவந்து டிரெய்லரைக் கொக்கியில் மாட்டினார். சங்கிலியைப் பூட்டி, விளக்கு வயரைச் செருகினார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவர்கூட மேனேஜரைத் திட்டவில்லை. பயம்தான் என்று நினைத்துக்கொண்டாள் கென்ட்ரா. இப்படி ஒரு ஆள் இருந்தால் போதும், பார்க்கையே காலி செய்துவிடலாம். இவர் சம்பளத்தை உயர்த்தச் சொல்லிக் கம்பெனிக்கு இன்றே எழுத வேண்டும்.

மார்லிஸ் கதவைப் பூட்டிவிட்டு விறுவிறுவென்று நடந்துபோய் டிரக்கின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வெர்லின், ஆபீஸ் சாவிக்கொத்தை நோட்டீஸ் கட்டின்மேல் வைத்துக் கென்ட்ராவிடம் நீட்டினார். அக்கம்பக்கத்திலும் டிரெய்லர்களை மாட்டிக்கொள்ள ஒவ்வொன்றாக டிரக்குகள் உறுமத் தொடங்கின.

“என்ன இது? மத்த வீட்டுக்கெல்லாம் யார் ஒட்டறது?”

“நீங்களே ஒட்டிக்குங்க, மேடம். இன்சூரன்ஸ் இல்லாத வீட்டுக்காரனை மேனேஜரா வெச்சுக்கக் கூடாது.”

“வீட்டுக்காரனா? எந்த வீட்டுக்கு?”

ஜன்னல் வழியே தலையை நீட்டினார் மார்லிஸ்.

“இந்த வீட்டுக்கும் எனக்கும் வீட்டுக்காரர் இவர்தாம்மா. எடுய்யா வண்டியை!”