இரண்டாம் பக்கத்து ஹம்மிங்

ரௌனோ ஐந்தாவது முறையாக நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இன்னொரு தடவ போடு ஹெல்வி," என்றார் என்னிடம். "ரெண்டாம் பக்கம். முதல் பாட்டு மட்டும்."

ஊசியைத் தூக்கி மறுபடி விளிம்பில் வைத்தேன். ஹெல்சின்கியில் இசைத்தட்டுகளுக்கு ஊசி ஓடும் பள்ளம் வெட்டித் தருவது என் தொழில். அன்று காலைதான் ஆலையிலிருந்து மாதிரித் தட்டு வந்திருந்தது. ரௌனோ அதைக் கேட்டுவிட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மூவாயிரம் தட்டுகள் ஆலையில் தயாராகும். வேறு வேலை இல்லை.

காகிதம் மேஜையில் கிடந்தது. பேனா அதன்மேல் கிடந்தது. மூன்று மணி நேரமாக.

ரௌனோவுக்கு எழுபத்தெட்டு வயது. நாற்பத்தெட்டு வருடங்களுக்கு முன், ஜாஸோடு ராக்கைக் கலந்து எலெக்ட்ரிக் பியானோவில் அவர் போட்ட ஆல்பம் இது. அதில் இந்தப் பாட்டின் நடுவே வரும் ஆறு நிமிடத் தனி வாசிப்புக்காகத்தான் இன்றைக்கும் அவரை ஊர் ஊராகக் கூப்பிடுகிறார்கள். பழைய தட்டில் இரைச்சல் அதிகம். இம்முறை மூல நாடாவிலிருந்தே வெட்டியிருந்தேன். பியானோவுக்குள் சுத்தி கம்பியைத் தட்டுவதுகூடக் கேட்டது.

கூடவே இன்னொன்றும் கேட்டது.

தனி வாசிப்பு தொடங்கியதும் யாரோ வாயை மூடிக்கொண்டு, வாசிக்கிற ஒவ்வொரு ஸ்வரத்தையும் தொண்டைக்குள் பாடிக்கொண்டே போகிற சத்தம்.

"கேட்டீங்களா? உங்க ஹம்மிங்!" ஏலக்காய் பன்னை மென்றபடியே துள்ளினான் இல்க்கா. ஆல்பத்தை மறுபடி வெளியிடுகிறவன் அவன்தான். "இதுக்காகவே ஜப்பான்காரன் ஆளுக்கு ரெண்டு வாங்குவான், பாருங்க."

ரௌனோ என் பக்கம் திரும்பினார். "அந்தச் சத்தத்தை எடுத்துட முடியுமா?"

"எடுத்தா மேல் ஸ்வரமும் சேர்ந்து போயிடும்."

"எதுக்கு எடுக்கணும்? இதுல என்ன வெட்கம் உங்களுக்கு?" என்றான் இல்க்கா. "என் பொண்டாட்டி பாத்திரம் கழுவும்போதே முனகுவா. நீங்க வாசிக்கும்போது முனகினா என்ன?"

ரௌனோ சிரிக்கவில்லை. ஜன்னல்வரை போனார். வெளியே ஈரப் பனியில் டிராம் ஒன்று முக்கிக்கொண்டு திரும்பியது. திரும்பி வந்தார். கோட்டை மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார்.

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மற்ற பாட்டுகளுக்கெல்லாம் அவர் விரல்கள் தொடைமேல் தாமாக ஓடின. இந்த ஆறு நிமிடம் வரும்போது மட்டும் இரண்டு கையும் பைக்குள் போய்விடும்.

திடீரென்று கைபேசியை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எண்ணைத் தேடி அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார்.

"பியானோ ரிப்பேர் கடை, சொல்லுங்க," என்றது வயதான பெண் குரல் ஒன்று.

இல்க்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். வீட்டுப் பியானோவுக்குச் சுதி சேர்க்க ஆள் பிடிக்கிற நேரமா இது?

"ஐலா, நான் ரௌனோ. அந்தப் பழைய தட்டு மறுபடி வருது. கொஞ்சம் இதக் கேளு."

என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஊசியைத் தனி வாசிப்பு தொடங்கும் இடத்தில் இறக்கினேன்.

ஆறு நிமிடமும் ஓடி முடிந்தது.

"நாலாவது நிமிஷத்துல அவசரப்பட்டுட்டேன்," என்றாள் ஐலா. "இன்னொரு தடவ வாசிக்கிறேன்னு அன்னைக்கே கெஞ்சினேன். நீங்கதான் டாக்ஸி நிக்குது, கிளம்புன்னு அனுப்பி வெச்சீங்க."

இல்க்கா மெல்லுவதை நிறுத்தினான்.

"எனக்கு அன்னைக்கு மணிக்கட்டு வீங்கிக் கெடந்துச்சு," என்றார் ரௌனோ. எங்களிடமா அவளிடமா தெரியவில்லை. "ரெண்டு கட்டை ஒட்டிக்கிச்சுன்னு சரி பண்ண வந்தவ. சரி பண்ணிட்டு வாசிச்சுக் காட்டினா. உக்காரும்மான்னு சொல்லிட்டேன்."

"அட்டையில என் பேர் இருக்கா?"

அவள் குரலில் கோபம் இல்லை. மழை விட்டுவிட்டதா என்று கேட்பதுபோல் கேட்டாள்.

"இருக்கு," என்றார் ரௌனோ.

அச்சான அட்டை ஒன்றை இல்க்கா காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்தான். அது பேனாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பியானோ என்று போட்டு ஒரே ஒரு பெயர், ரௌனோவுடையது. மூவாயிரத்திலும் அதேதான்.

இல்க்கா அட்டையைப் பார்த்தான். ரௌனோவைப் பார்த்தான். கத்தப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் பன்னைக் கீழே வைத்து, விரல்களைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, அச்சகத்துக்குப் போன் போட்டான்.

"அந்த அட்டையெல்லாம் தூக்கிப் போட்டுடுங்க. ஒரு பேர் சேர்க்கணும். ஆமா, திரும்ப முதல்லேர்ந்து."

பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு ரௌனோவிடம் கிசுகிசுத்தான்: "முழுப் பேர் என்ன?"

ரௌனோவுக்குத் தெரியவில்லை. ஐலா என்பதற்குமேல் அவரிடம் எதுவும் இல்லை.

மேஜையில் அவருடைய கைபேசி இன்னும் அணையாமல் இருந்தது.

"லூக்கானென்," என்றாள் ஐலா. "எல். யு. இன்னொரு யு. அப்புறம் ரெண்டு கே."

எழுதிக்கொள்ள நேரம் விட்டு, நிதானமாகச் சொன்னாள்.