அம்மா வீடு

டேப்லெட்டைப் பார்த்தபடி வைஃபை கம்பெனிப் பையன் அந்த மூலையை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தான்.

அவள் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலும் வீங்கியிருந்தன. எழுந்துவிட வேண்டும் என்று தெரிந்தது. எழவில்லை.

சில நாட்களாகக் குடோன் முழுக்க இதே வேலை. கூரையிலிருந்த பழைய வைஃபை பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டினார்கள். இனி எல்லாம் வேகமாக நடக்குமாம். ஆர்டர் வேகமாக வருமாம், கணக்கு வேகமாகப் போகுமாம். ரேக்குக்கு ரேக் நடக்கிற கால் மட்டும் பழைய கால்தான். அதை யாரும் மாற்றித் தரப்போவதில்லை.

இந்த மூலைக்கு இதுவரை சிக்னல் வந்ததில்லை.

சுற்றிலும் குக்கரும் எவர்சில்வர் பாத்திரமும் கூரை வரை அடுக்கியிருப்பதால் என்று சொல்வார்கள். என்னவோ. மற்ற இடங்களில் கொஞ்சம் நின்றால் போதும், சும்மா நிற்கிறாள் என்று கையிலிருக்கும் ஸ்கேனரே ஆபீசில் போட்டுக்கொடுத்துவிடும். இங்கே வந்தால் அதற்கு வாயடைத்துப் போகும். இங்கே உட்காரும் நேரம் யார் கணக்கிலும் ஏறாது.

பெண்கள் இந்த மூலைக்கு அம்மா வீடு என்று பேர் வைத்திருந்தார்கள். "அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன்டி" என்று ஒருத்தி கிளம்பினால் மற்றவர்கள் சிரித்துக்கொண்டே அவள் வேலையையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

வயிற்று வலிக்கு வருவார்கள். காய்ச்சலுக்கு வருவார்கள். அழுவதற்கும் வருவார்கள்.

அவளுக்கு வேறு காரணம்.

தொளதொளவென்ற கம்பெனி கோட்டு இன்னும் கொஞ்ச நாளைக்கு மறைக்கும். அப்புறம் மறைக்காது.

போன வருடம் கூட வேலை பார்த்த அஞ்சுகம் உண்மையைச் சொன்னாள். மேனேஜர் கோபப்படவில்லை. உடம்பைப் பார்த்துக்கோங்கம்மா என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவைத்தார். குழந்தை பிறந்து அஞ்சுகம் திரும்பி வந்தபோது வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே நுழைய முடியவில்லை.

இவள் வீட்டில் சம்பாதிப்பது இவள் ஒருத்திதான்.

அவன் வந்துவிட்டான். நெற்றியெல்லாம் வியர்வை. சட்டைப் பையில் போன் துருத்திக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருப்பவளைப் பார்த்ததும், தெரியாமல் யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டவன் மாதிரி தயங்கினான்.

நல்ல பையனாகத் தெரிந்தான். அதுதான் வினையாகப் போயிற்று.

கெஞ்சுவது அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் கெஞ்சினாள். ஸ்கேனரை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். இங்கே அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இங்கே பேசுவது வெளியே போகாது என்ற தைரியம். முழுதாகச் சொன்னாள்.

"அண்ணா, இந்த மூலைய மட்டும் விட்டுடுங்கண்ணா. எனக்கு அஞ்சு மாசம். ஆபீசுல சொல்லல, சொன்னா அனுப்பிடுவாங்க. கால் ஊனி நிக்க முடியல. இங்கதான் கொஞ்சம் உக்காந்துக்கிறேன்."

அவள் ஆரம்பித்ததுமே அவன் கையை உயர்த்திவிட்டான். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

முடியாது என்கிறான் என்று அவள் நினைத்தாள். இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள்.

"புள்ள பொறந்ததும் வந்து மாட்டிக்குங்கண்ணா."

அவன் சட்டைப் பையைக் கையால் பொத்தினான்.

பொத்திய கைக்கு அடியிலிருந்து மேனேஜரின் குரல் வந்தது.

காலையிலிருந்து அந்த போனை அணைக்காமலேயே அவன் நடந்துகொண்டிருந்தான். குடோனில் எந்த இடத்தில் புது வைஃபையில் பேச்சு அறுந்துபோகிறது என்று பார்ப்பதுதான் அவன் வேலை. மறுமுனையில் மேனேஜர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

இங்கே அறுந்துபோகவில்லை.

"கேக்குது தம்பி. அந்த எடத்துலயும் நல்லா தெளிவாவே கேக்குது. நீங்க அடுத்த லைனுக்குப் போங்க."

கோபமே இல்லாத குரல்.

மாட்ட வேண்டியதையெல்லாம் நேற்றே மாட்டிவிட்டார்கள். அவனிடம் விடுவதற்கும் ஒன்றுமில்லை, கொடுப்பதற்கும் ஒன்றுமில்லை. அது தெரியாமல் அவள் யாரிடமோ எதையோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சாரிக்கா" என்றான். உதடு மட்டும்தான் அசைந்தது.

அடுத்த லைனுக்குப் போனான்.

மடியில் ஸ்கேனர் அதிர்ந்தது. திருப்பிப் பார்த்தாள். ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வேகம் வேகம் என்றார்களே, பொய்யில்லை.

ரேக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மெதுவாக. நேரம் பிடித்தது.

அந்த நேரமும் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.