எட்டாவது எண்ணிக்கை

நாலாவது நிமிடத்திலேயே அவருக்குக் கொட்டாவி வந்தது. வராமல் இருந்திருந்தாலும் வரவழைத்திருப்பார்.

ஹெட்போனுக்குள் நான்கு கிழவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ட்ரம்ஸ், பேஸ், கீபோர்டு, கிதார்.

பாட ஆளில்லை.

இருபத்திரண்டு வருடம் ஆளுக்கொரு மூலையில் கிடந்துவிட்டு, மறுபடி ஒன்று சேர்ந்து 'வெண்கல வௌவால்' குழு கொண்டுவந்திருக்கும் ஆல்பம். ப்ராக்ரசிவ் ராக் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். ஒரு பாட்டு முடியக் கால் மணி நேரம் ஆகும் என்று அர்த்தம்.

ஆறு உருப்படி. ஒரு சொல் கிடையாது. பெயர் மட்டும் 'உப்பின் புவியியல்'.

உப்புக்கு என்ன புவியியல்? கேட்டால் நரசிம்மன் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு தாடியைத் தடவுவான்.

அட்டைப் படத்தில் நான்கு பேரும் கடலைப் பார்த்து, முதுகு காட்டி நின்றார்கள். பின்னாலிருந்தும் வழுக்கை தெரிந்தது.

'எங்கள் இசைக்கு இனி சொற்கள் தேவையில்லை' என்று நரசிம்மன் பேட்டி வேறு கொடுத்திருந்தான். அவர் அதை இரண்டு முறை படித்தார். பாடகன் கிடைக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். அவரைப் போல ஒருவன் கிடைத்துவிடுவானா என்ன.

ஆல்பத்தை அனுப்பியவன் எட்வின். ட்ரம்ஸ்காரன். கூடவே ஒரு வரி.

"சனிக்கிழமை ஆறு மணிக்கு வெளியீடு. வாடா."

'டா'வாம். நேற்றுவரை ஒரே தட்டில் சாப்பிட்ட மாதிரி.

அவர் இன்னும் பதில் போடவில்லை. நறுக்கென்று ஒரு வரி வேண்டும். படித்தால் நான்கு பேருக்கும் தொண்டையில் சோறு இறங்கக் கூடாது. அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கேட்கிறார்.

இரண்டாவது உருப்படியில் கீபோர்டு மழை பெய்தது. மூன்றாவதிலும் அதே மழை. நான்காவதில் பேஸ்காரன் தனியாகப் பதினோரு நிமிடம் எதையோ தேடினான். கிடைக்கவில்லை.

மனைவி நிர்மலா வாசலில் வந்து நின்றாள். அவர் ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கினார்.

"நீலச் சட்டையை அயர்னுக்குக் குடுக்கவா? சனிக்கிழமைக்கு?"

"வேண்டாம்."

ஐந்தாவது தொடங்கியது.

தெரிந்த கிதார். தெரிந்த ஏழு எண்ணிக்கைத் தாளம்.

'கலங்கரை'. அவர் பாடிய பாட்டு. கல்லூரி விழாக்களில் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று கேட்ட பாட்டு. அந்த மெட்டைத்தான் இப்போது கிதாரை வைத்து முனகப் போகிறார்கள். வெட்கங்கெட்ட பயல்கள்.

எல்லாம் உடைந்தது இந்தப் பாட்டில்தான். கோயம்புத்தூரில் மேடையை விட்டு இறங்கியதும், ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கேட்க நரசிம்மன் சொன்னான். ஏழு வரை எண்ணத் தெரியாதவன் என்று. பாட்டை எடுக்கும் இடத்தில் எப்போதும் ஒரு எண்ணிக்கை தாமதம் என்று.

தாமதமாக எடுத்தால் பாட்டு குலைந்து போயிருக்காதா? பன்னிரண்டு வருடத்தில் ஒரு மேடையில், ஒரே ஒரு மேடையில் குலைந்ததா?

பச்சைப் பொய். அன்று மைக்கைக் கீழே வைத்தவர் பிறகு அவர்கள் முகத்தில் விழிக்கவில்லை.

கிதார் முன்வாசிப்பு ஓடியது. ஏழேழாக நான்கு சுற்று. முடிந்ததும் மெட்டு விழ வேண்டும். நான்காவது சுற்றை அவர் விரல்விட்டு எண்ணினார்.

ஐந்து. ஆறு. ஏழு.

எட்டு.

பிறகுதான் மெட்டு விழுந்தது.

நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னால் தள்ளி, மறுபடி எண்ணினார். சந்தேகமே இல்லை. ஒன்று கூடுதல். நான்கு பேரும் சொல்லிவைத்தாற்போலத் தப்பு செய்திருக்கிறார்கள். செய்ததைப் பதிவு செய்து ஊருக்கெல்லாம் அனுப்பியும் இருக்கிறார்கள்.

அவருக்கு உடம்பெல்லாம் இனித்தது.

"கலங்கரைல எட்டு வருது. ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதவன் யாருன்னு நரசிம்மனைக் கேளு."

அனுப்பினார். உள்ளே குரல் கொடுத்துக் காபி கேட்டார். சர்க்கரை கொஞ்சம் தாராளமாகவே போடச் சொன்னார்.

காபிக்கு முன்னால் பதில் வந்தது.

"தெரியும்டா. பதினாறு டேக் போனோம். ஏழோட எடுக்கவே வரலை. உனக்காக ஒரு எண்ணிக்கை கூடுதலா விட்டே நாலு பேர் கையும் பழகிடுச்சு. நரசிம்மன்தான் இருந்துட்டுப் போகட்டும்னான்."

அவர் அதையும் இரண்டு முறை படித்தார்.

பொய். இந்த வயதிலும் அதே பொய்.

எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். பாட்டை முதலிலிருந்து வைத்தார். இப்போது காட்டுகிறார், யாருக்கு எண்ணத் தெரியாது என்று. விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டே வந்தன. ஒரு சுற்று. இரண்டு. மூன்று.

நான்காவதில் ஏழு முடிந்த கணம், இம்மி பிசகாமல், வாயைத் திறந்து எடுத்தார்.

முதல் சொல் தனியாகப் போனது.

கிதார் வரவில்லை. ட்ரம்ஸ் வரவில்லை.

நான்கு பேரும் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.